யாழ்ப்பாண மாவட்டம்: கடலேரி போட்ட எல்லைகளும் கச்சேரி போட்ட எல்லைகளும்

கனடாவில் வளர்ந்த ஒரு தம்பி தன் அம்மம்மாவின் பழைய காணி உறுதியை, அதாவது நிலப் பத்திரத்தை, எடுத்துப் பார்த்திருக்கிறார். அதில் “வடமாகாணம், யாழ்ப்பாண மாவட்டம், வலிகாமம், உடுவில் கோயிற்பற்று” என்று எழுதியிருக்கிறதாம். வரைபடத்தில் தேடினால் கோயிற்பற்று என்று ஒன்றும் இல்லை. வலிகாமம் என்றால் ஐந்து வருகிறது. யாழ்ப்பாணம் என்பது நகரமா, மாவட்டமா, குடாநாடா என்று கேட்கிறார். ஒரு ஆறுகூட ஓடாத இடத்தில் இவ்வளவு சனம் எப்படிச் சீவித்தது என்றும் கேட்கிறார்.

நல்ல கேள்விகள். அந்த உறுதியில் உள்ள ஒற்றை வரியில் நானூறு வருட நிர்வாக வரலாறு கிடக்கிறது. ஆனால் அதை விளங்கிக்கொள்ள முதலில் நிலத்தையும் தண்ணீரையும் பார்க்க வேண்டும். அரசுகள் கச்சேரியில், அதாவது அரச நிர்வாக அலுவலகத்தில், இருந்து போட்ட எல்லைகள் பலமுறை மாறின. கடலேரியும் மண்ணும் போட்ட எல்லைகள் இன்னும் அப்படியே இருக்கின்றன.

யாழ்ப்பாணம் நகரத்துக்கும் பெயர், மாவட்டத்துக்கும் பெயர், பேச்சுவழக்கில் குடாநாட்டுக்கும் பெயர். ஆனால் மாவட்டமும் குடாநாடும் ஒன்றல்ல. குடாநாட்டின் தென்கிழக்குத் துண்டான பச்சிலைப்பள்ளி, அதாவது பளையும் அதைச் சுற்றிய ஊர்களும், இன்று கிளிநொச்சி மாவட்டத்துக்குள் இருக்கின்றன. மறுபக்கம், குடாநாட்டுக்கு வெளியே கடலில் கிடக்கும் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு எல்லாம் யாழ்ப்பாண மாவட்டத்தைச் சேர்ந்தவை. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீற்றர். இலங்கையின் பெரிய மாவட்டங்களோடு பார்த்தால் ஒரு மூலைதான்.

இந்தச் சின்ன நிலத்தைக் கடலேரிகள் நான்கு துண்டாக்கி வைத்திருக்கின்றன. மேற்கே வலிகாமம், வடகிழக்கே வடமராட்சி, அதற்குத் தெற்கே தென்மராட்சி, மேற்குக் கடலில் தீவகம். வலிகாமத்துக்கும் தென்மராட்சிக்கும் நடுவில் உப்பாறு. வலிகாமத்துக்கும் வடமராட்சிக்கும் நடுவில் தொண்டைமானாறு. வடமராட்சிக்கும் தென்மராட்சிக்கும் நடுவில் வடமராட்சிக் கடலேரி. பெயரில் ஆறு என்று இருந்தாலும் இவை ஆறுகள் அல்ல, உள்ளே புகுந்த ஆழமில்லாத கடல்.

பஸ்ஸில் போனாலே இந்த எல்லை தெரிந்துவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போகும்போது, நெருக்கமான வீடுகளும் வேலிகளும் வாழைத் தோட்டங்களும் திடீரென்று முடிந்து வல்லைவெளி வரும். இரண்டு பக்கமும் வெட்டை. ஆடி மாதத்துச் சோளகக் காற்றில் சைக்கிளை நேரே பிடிக்க ஏலாது. மழைக்காலத்தில் றோட்டோடு தண்ணீர் நிற்கும், மாசிக்குப் பிறகு அதே இடத்தில் வெள்ளையாக உப்புப் படியும். பாலத்தைத் தாண்டினால் வடமராட்சி. பேச்சின் இழுவைகூடக் கொஞ்சம் மாறும். இதேபோல நாவற்குழிப் பாலத்தைத் தாண்டினால் தென்மராட்சி, பண்ணைத் தாம்போதியை, அதாவது கடலேரிக்குக் குறுக்கே போட்ட றோட்டை, தாண்டினால் தீவகம், பொன்னாலைத் தாம்போதியைத் தாண்டினால் காரைநகர். வேலணையையும் புங்குடுதீவையும் இன்னொரு தாம்போதி இணைக்கிறது. அங்கேயும் நின்றுவிடாமல் குறிகட்டுவான் வரை போனால் மிச்சத் தூரம் படகில்தான். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்.

சரி, தண்ணீர். வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை என்பது உண்மை. மாரியில் மட்டும் ஓடும் ஒன்று இருக்கிறது: வழுக்கியாறு. தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி, அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாக வந்து அராலியில் கடலேரியில் விழுகிறது. மழை விட்டுச் சில வாரங்களில் அதன் படுகையில் மாடு மேயும். ஆண்டுக்கு 1,250 மில்லிமீற்றர் அளவில் மழை கிடைக்கிறது. ஆனால் அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியிலேயே கொட்டி முடிந்துவிடும். மற்ற மாதங்களில் சனம் நம்பியிருப்பது காலுக்குக் கீழே இருக்கும் தண்ணீரை.

குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மயோசின் காலத்தில் கடலடியில் படிந்த கல். மழைநீர் சுண்ணாம்பைக் கரைக்கும் என்பதால் கல் முழுவதும் வெடிப்பும் துவாரமும் குகையுமாக இருக்கிறது. பெய்யும் மழையில் ஒரு பங்கு இந்த வெடிப்புகளூடாக இறங்கிக் கீழே தேங்குகிறது. ஆனால் அதே கல்லுக்குள் பக்கவாட்டில் கடல்நீரும் புகுந்திருக்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது. ஆகவே அது உப்புநீரின் மேல், எண்ணெய் தண்ணீரில் மிதப்பதுபோல, ஒரு வில்லையாக மிதந்து நிற்கிறது. வில்லை நடுவில் தடிப்பு, கரையோரம் போகப்போக மெல்லியது. கணக்கின்படி, கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் இருக்கும். இதை மறுபக்கமாக யோசித்துப் பாருங்கள். அளவுக்கு மிஞ்சி இறைத்து மேல்மட்டம் ஒரு அடி இறங்கினால், கீழே உப்புநீர் நாற்பது அடி ஏறி வரலாம். யாழ்ப்பாணத்தில் கிணறு உவராகிப்போன கதைகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணற்றில் இதைக் கண்ணால் காணாவிட்டாலும் அறிந்துகொள்ளலாம். மேலே நல்ல தண்ணீர், ஆழத்துக்குப் போனால் உப்பு. அடியில்லாக் கிணறு என்று சனம் சொல்வார்கள். உண்மையில் அது சுண்ணாம்புக்கல் குகையின் கூரை இடிந்து திறந்துகொண்ட வாய். கீரிமலையிலோ நிலத்தடி நன்னீர் கடற்கரையிலேயே ஊற்றாக வெளியே வருகிறது. கேணியில் முழுகும்போது தண்ணீர் உப்பில்லை. சில அடி தள்ளிக் கடல் அலை அடிக்கிறது.

மின்சாரமும் பம்பும் வருவதற்கு முன்னர் இந்தத் தண்ணீரை மேலே கொண்டுவந்தது துலா. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் யாழ்ப்பாணத்துத் தோட்டச் செய்கையின் உயிர் இங்கேதான் இருந்தது. கிணற்றடியில் இரண்டு கவர்மரம் நட்டு, அதன்மேல் குறுக்காக அச்சு வைத்து, நீண்ட பனைமரத் துலா ஒன்றைப் பொருத்துவார்கள். துலாவின் ஒரு நுனியில் கொடி. கொடியின் அடியில் பனையோலையால் பின்னிய பட்டை. விடியற்காலை இருட்டிலேயே இறைப்புத் தொடங்கும். ஒருவர் அல்லது இருவர் துலாவின்மேல் ஏறி முன்னும் பின்னும் நடப்பார்கள். அவர்கள் முன்னால் நடக்கப் பட்டை கிணற்றுக்குள் இறங்கும், பின்னால் நடக்க நிரம்பி மேலே வரும். கிணற்று மிதியில் நிற்பவர் பட்டையைப் பிடித்து வாய்க்காலில் சரிப்பார். மூன்றாமவர் மண்வெட்டியோடு தோட்டத்துக்குள் நின்று தண்ணீர் மாறுவார்: ஒரு பாத்தி நிரம்பியதும் வரம்பை வெட்டி அடுத்த பாத்திக்குத் திருப்பிவிடுவது. துலா மிதிப்பவருக்குக் கால் தவறினால் உயிர்போகும் உயரம். ஒரு புகையிலைத் தோட்டத்துக்கு இப்படி வாரத்தில் பலமுறை இறைக்க வேண்டும். ஆகவே தனி ஆளாக அங்கே தோட்டம் செய்ய முடியாது. அயலும் உறவும் மாறி மாறிக் கைகொடுக்க வேண்டும்.

ஒரு கிணற்றுக்கு நாலைந்து சொந்தக்காரர் இருப்பார்கள். அதனால்தான் பழைய உறுதிகளில் இத்தனை பரப்புக் காணி என்று எழுதி நிறுத்தாமல், கிணற்றில் இவ்வளவு பங்கு, வழி வாய்க்கால் பாத்தியதை என்றும் சேர்த்து எழுதுவார்கள். பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். மூன்று பரப்புத் தோட்டத்துக்குக் கிணற்றில் ஆறிலொரு பங்கு, இறைப்புக்கு ஒரு முறைநாள் என்று கணக்கு நுணுக்கமாகப் போகும். தம்பி, உங்கள் உறுதியின் கடைசிப் பகுதியைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். கிணறு அங்கே இருக்கக்கூடும். நிலத்தைவிட அந்தக் கிணற்றுப் பங்குக்காகவே தலைமுறை தலைமுறையாக வழக்கு நடந்த குடும்பங்கள் உண்டு.

மண் எல்லா இடமும் ஒன்றல்ல. வலிகாமத்தின் நடுப்பகுதியில் செம்பாட்டு மண். சுன்னாகம், புன்னாலைக்கட்டுவன், உரும்பிராய், ஊரெழு, கோப்பாய்ப் பக்கம் போனால் காலில் ஒட்டும் சிவப்பு. தண்ணீர் சுலபமாக வடியும் மண், எரு போட்டால் பொன் விளையும். வெங்காயம், மிளகாய், புகையிலை, மரவள்ளி, வாழை எல்லாம் இங்கேதான். மேற்கே அராலி, வட்டுக்கோட்டைப் பக்கம் மழையை நம்பிய வயல். வருடத்தில் ஒரு போகம். வடக்கே கல்லு மேலே துருத்திக்கொண்டு நிற்கும் கலட்டி நிலம். தென்மராட்சி மணல்பாங்கானது, சாவகச்சேரி, கொடிகாமம், மீசாலை என்றால் மா, பலா, தென்னை. வடமராட்சிக் கிழக்கில் மணற்காடு தொடக்கம் மணல் மேடுகள் கடலோரமாக நீண்டு கிடக்கின்றன. தீவகத்தில் மண் மெல்லியது, நன்னீர் வில்லையும் சிறியது. அதனால்தான் தீவார் மற்றவர்களுக்கு முன்னரே வியாபாரத்துக்குக் கொழும்புக்கும் தென்பகுதி ஊர்களுக்கும் இறங்கினார்கள் என்பது என் எண்ணம். பனை மட்டும் எந்த மண்ணையும் குறை சொல்லாமல் எல்லா இடமும் நிற்கிறது.

இனி வரலாறு. ஆதி மனிதர் குடியேறிய இடமும் தண்ணீரைத்தான் பின்தொடர்கிறது. வழுக்கியாற்றங்கரையில் இருக்கும் கந்தரோடையில் பெருங்கற்கால மக்கள் வாழ்ந்த தடயங்கள் கிடைத்திருக்கின்றன. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் குழு அங்கே அகழ்ந்தது. 1980இல் ஆனைக்கோட்டையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது, எலும்புக்கூடு ஒன்றோடு பிராமி எழுத்துப் பொறித்த சிறிய முத்திரை ஒன்று கிடைத்தது. வல்லிபுரத்தில் 1936இல் கிடைத்த பொன்னேடு அனுராதபுரத்தில் ஆண்ட வசப மன்னன் காலத்தது. நாகதீவு என்ற பெயர் அதில் இருக்கிறது. மூன்று இடமும் மூன்று விதத்தில் ஒன்றைத்தான் சொல்கின்றன: யாழ்ப்பாண அரசு தோன்றுவதற்கு வெகுமுன்னரே இது ஆள் வாழ்ந்த, கடல் கடந்து வியாபாரம் செய்த இடம்.

எனக்கு மிகப் பிடித்த சான்று நயினாதீவுக் கல்வெட்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை, தமிழில் வெட்டப்பட்டு, நாகபூஷணி அம்மன் கோயிலில் இருக்கிறது. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பரதேசி, அதாவது வெளிநாட்டு, வியாபாரிகளைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது. யானை, குதிரை ஏற்றி வந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு (கருவூலத்துக்கு), மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றி வந்தது உடைந்தால் சரிபாதி. சிங்கள நாட்டு அரசன் ஒருவன் இந்தக் கரையின் வியாபாரிகளுக்குத் தமிழில் சட்டம் எழுதியிருக்கிறான் என்பதிலிருந்து, அந்தத் துறைமுகத்தில் என்ன மொழி நடந்தது, என்ன சரக்கு நடந்தது என்று இரண்டும் தெரிகிறது. வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை ஆழமில்லாத கடலேரியூடாகக் குடாநாட்டுக்குக் கடத்தி, ஊர்காவற்றுறையில் கப்பலேற்றும் வியாபாரம் பிறகு ஒல்லாந்தர் காலம் வரையும் நடந்தது. ஆனையிறவு அந்தப் பாதையில் உள்ள ஊர்.

பதின்மூன்றாம் நூற்றாண்டு தொடக்கம் ஆரியச்சக்கரவர்த்திகள் என்ற அரச வம்சத்தின் ஆட்சி. 1344இல் இலங்கைக்கு வந்த மொரோக்கோப் பயணி இப்னு பதூதா ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்து, அவருடைய கப்பல்களையும் முத்துக்களையும் பற்றி எழுதியிருக்கிறார். 1450இல் தென்னிலங்கைக் கோட்டை இராச்சியத்து அரசனின் வளர்ப்பு மகன் செண்பகப்பெருமாள் யாழ்ப்பாணத்தைப் பிடித்தான். பதினேழு வருடத்தில் அரசு மீண்டது. நல்லூர் தலைநகர். முதலாம் சங்கிலி மன்னன் காலத்தில் போர்த்துக்கேயரோடு மோதல் தொடங்கி, 1560இல் ஒரு படையெடுப்பு, 1591இல் ஒன்று, கடைசியாக 1619இல் பிலிப் டி ஒலிவேரா நாட்டைப் பிடித்ததோடு அரசு முடிந்தது. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. நல்லூர் உள்நாட்டில் இருக்கிறது. கடலால் வந்தவருக்குக் கடலால் உதவி வரும் இடம் வேண்டும். ஆகவே ஆட்சி மையம் கடலேரிக் கரைக்கு நகர்ந்தது. இன்றைய யாழ்ப்பாண நகரம் அப்படித்தான் உருவாகியது. இடையில் இருப்பது மூன்று கிலோமீற்றர் அளவுதான்.

இப்போது உங்கள் கோயிற்பற்றுக்கு வருகிறேன். போர்த்துக்கேயர் வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, பச்சிலைப்பள்ளி என்று நான்கு மாகாணங்களாக வைத்து ஆண்டார்கள், தீவுகள் புறம்பு. ஒவ்வொரு மாகாணத்திலும் ஊர்களைச் சேர்த்து, நடுவில் ஒரு கிறிஸ்தவக் கோயில் கட்டி, அதைச் சுற்றியதை ஒரு பற்றாக்கினார்கள். வலிகாமத்தில் தெல்லிப்பழை, மல்லாகம், மயிலிட்டி, அச்சுவேலி, உடுவில், வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு, சங்கானை, மானிப்பாய் என்று தொடரும் பெயர்கள் அவைதான். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தபோது கத்தோலிக்கம் போய்ச் சீர்திருத்தக் கிறிஸ்தவம் வந்தது. பற்றுகள் அப்படியே இருந்தன. கோயிலுக்குள் பள்ளிக்கூடமும் நடந்தது. திருமணம், பிறப்பு, காணி எல்லாவற்றுக்கும் பதிவு அங்கே. காணி விபரம் எழுதிய பெரும் புத்தகங்களுக்குத் தோம்பு என்று பெயர்.

1707இல் யாழ்ப்பாண மக்களின் வழக்கங்களைக் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி தொகுத்து எழுதினார். உள்ளூர்த் தலைமை அதிகாரிகளான பன்னிரண்டு முதலியார்கள் பார்த்துச் சரி சொன்னார்கள். அதுதான் தேசவழமை. காணி விற்பதென்றால், உரித்தாளருக்கும் கூட்டுப் பங்காளருக்கும் முதல் உரிமை. விற்கும் எண்ணத்தை அவர் சேர்ந்த கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து அறிவிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. உறுதியில் கோயிற்பற்று ஏன் ஏறியது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. ஆங்கிலேயர் 1806இல் தேசவழமையைச் சட்டமாக ஏற்றார்கள். நொத்தாரிசுமார் பழைய உறுதியைப் பார்த்துப் புதிய உறுதி எழுதுவதால், அந்தக் கோயில்கள் இடிந்துபோன பிறகும் பற்றுகளின் பெயர் காகிதத்தில் தங்கிவிட்டது. ஒல்லாந்தர் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களையும் வைத்தார்கள்: நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆனது, வேலணைத்தீவு லெய்டன், காரைதீவு ஆம்ஸ்டர்டாம். டெல்ஃப்ட் மட்டும் அரச ஆவணங்களில் நின்றுபிடித்தது. ஊரார் எப்போதும் நெடுந்தீவு என்றுதான் சொல்கிறார்கள்.

1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். 1833இல் கோல்புறூக் ஆணைக்குழுவின் சீர்திருத்தத்தோடு இலங்கை ஐந்து மாகாணமானது. வடமாகாணத்தின் தலைமையிடம் யாழ்ப்பாணம். அப்போது அனுராதபுரமும் வடமாகாணத்துக்குள் இருந்தது, 1873இல் வடமத்திய மாகாணம் பிரியும்வரை. யாழ்ப்பாணக் கச்சேரியில் அரசாங்க அதிபராக இருந்த டைக் 1829 தொடக்கம் 1867 வரையும், பிறகு வந்த துவைனம் 1896 வரையும் கதிரையில் இருந்தார்கள். இரண்டு பேருக்குள் ஏறத்தாழ எழுபது வருடம்! மாகாணத்துக்குக் கீழே மணியகாரர், அவருக்குக் கீழே உடையார், ஊருக்கு விதானை. இந்தப் படிநிலையில் யார் இருந்தார்கள் என்று பார்த்தால் ஊரில் யாருடைய காணி, யாருடைய சாதி மேலே நின்றது என்பதும் தெரிந்துவிடும். நிர்வாகமும் சாதி அதிகாரமும் அந்தக் காலத்தில் ஒரே கைகளில் இருந்தன என்பதை மறைத்து யாழ்ப்பாண வரலாறு எழுதக்கூடாது.

அமெரிக்க மிசனரிமார் 1816இல் வந்ததும், 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியதும், 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் திறந்ததும் தனியாக எழுதவேண்டிய கதை. இங்கே ஒன்று போதும். நிலம் சிறிது, ஆள் அதிகம் என்ற நிலையில், படிப்பு இன்னொரு தோட்டமாக ஆனது. அரசாங்க உத்தியோகத்துக்குக் கொழும்புக்கும் மலாயாவுக்கும் போனவர்கள் அனுப்பிய காசு யாழ்ப்பாணத்துக் கல்வீடுகளைக் கட்டியது. 1902இல் குடாநாட்டுக்குள் ஓடத் தொடங்கிய றெயில் 1905இல் கொழும்போடு இணைந்ததும் இந்தப் போக்குவரத்து இன்னும் சுலபமானது. கடற்பக்கம் வல்வெட்டித்துறை தன் வழியில் போனது. அங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவர் வாங்கியபின் 1938இல் மசச்சூசெட்ஸ் கரையைச் சேர்ந்தது.

சுதந்திரத்தை ஒட்டியும் அதற்குப் பிறகும் வந்த மாற்றங்களில் மூன்றைத் தெரிந்து வைத்திருந்தால் போதும். மணியகாரர் பதவி போய்க் காரியாதிகாரி வந்தார், பிறகு உதவி அரசாங்க அதிபர், 1992க்குப் பிறகு பிரதேச செயலாளர். விதானை 1963இல் கிராம சேவகரானார், இன்று கிராம அலுவலர். சனம் இன்னும் விதானையார் என்றுதான் தேடிப் போகிறது. இன்றைக்கு மாவட்டத்தில் பதினைந்து பிரதேச செயலகங்கள் உண்டு. வலிகாமத்துக்கு ஐந்து: வடக்கு தெல்லிப்பழையில், தெற்கு உடுவிலில், கிழக்கு கோப்பாயில், மேற்கு சங்கானையில், தென்மேற்கு சண்டிலிப்பாயில். யாழ்ப்பாணமும் நல்லூரும் தனித்தனி. வடமராட்சிக்குக் கரவெட்டி, பருத்தித்துறை, மருதங்கேணி என்று மூன்று. தென்மராட்சி முழுவதற்கும் சாவகச்சேரி ஒன்றே. தீவகத்துக்கு வேலணை, ஊர்காவற்றுறை, காரைநகர், நெடுந்தீவு. பழைய நான்கு துண்டுகளும் இதற்குள் குலையாமல் இருப்பதைக் கவனியுங்கள். உங்கள் காணி உடுவில் பற்று என்றால் முதலில் வலிகாமம் தெற்குப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். ஆனால் பழைய பற்றின் எல்லை இன்றைய செயலக எல்லையோடு அப்படியே பொருந்தும் என்று நம்பிவிடாதீர்கள். காணியின் பெயரையும் நான்கு எல்லைக்காரர் பெயரையும் வைத்துத் தேடுங்கள். பதிவு விபரம் யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில்.

மூன்றாவது மாற்றம்தான் பெரியது. 1984இல் கிளிநொச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதுவரை பூநகரி, கரைச்சி, பச்சிலைப்பள்ளி எல்லாம் யாழ்ப்பாண மாவட்டம். இரணைமடுக் குளத்தின் கீழே காடு வெட்டிக் குடியேறிய விவசாயிகளில் பெரும்பாலோர் குடாநாட்டில் காணி இல்லாதவர்கள். பிரிவோடு மாவட்டம் தன் பெரிய நெல்வயல்களை இழந்தது. ஆனால் தேர்தலுக்கு யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் இன்றும் ஒரே தேர்தல் மாவட்டம். இதைத் தெரியாமல் புள்ளிவிபரம் ஒப்பிடுகிறவர்கள் பலர். 1981 குடிசன மதிப்பில் பழைய மாவட்டத்தில் ஏறத்தாழ 8 லட்சத்து 30 ஆயிரம் பேர். கிளிநொச்சியைக் கழித்தால் 7 லட்சத்து 39 ஆயிரத்துக்குக் கிட்ட. 2012இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் 5 லட்சத்து 83 ஆயிரம் சொச்சம். முப்பது வருடத்தில் கூடவேண்டிய சனம் ஒன்றரை லட்சத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. காரணத்தை உங்கள் வீட்டிலேயே கேட்கலாம், தம்பி.

போர்க்காலத்தில் இந்த நிலத்தின் அமைப்பே சனத்தின் கழுத்தை இறுக்கியது. வெளியே போக ஆனையிறவுத் தரைவழி ஒன்று, பூநகரிப் பக்கம் சங்குப்பிட்டித் துறை ஒன்று. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இரண்டும் அடைபட, சனம் கிளாலியிலிருந்து இரவில் வள்ளத்தில் கடலேரியைக் கடந்தது. பலர் கரை சேரவில்லை. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்துச் சோனகதெரு வெறுமையானது. 1995 அக்டோபர் 30ஆம் தேதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நகர்ந்தது. லட்சக்கணக்கான சனத்துக்கு இருந்த வழி நாவற்குழிப் பாலமும் கோப்பாய் – கைதடி வீதியும்தான். மழை, இருட்டு, ஓர் அடி நகர ஒரு மணித்தியாலம். உப்பாறு என்ற எல்லை வரைபடத்தில் மட்டும் இருப்பதல்ல என்று அன்றைக்கு நடந்தவர்களுக்குத் தெரியும். வலிகாமம் வடக்கில் 1990இல் இடம்பெயர்ந்த குடும்பங்களின் காணிகள் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய், போர் முடிந்த 2009க்குப் பிறகு துண்டு துண்டாகத்தான் திரும்பின. சங்குப்பிட்டிப் பாலம் 2011இல் திறந்தது. றெயில் 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் அடுத்த வருடம் காங்கேசன்துறைக்கும் திரும்ப வந்தது.

மாவட்டத்தின் இன்றைய முதல் பிரச்சினை என்னவென்று கேட்டால் நான் தண்ணீர் என்றுதான் சொல்வேன். துலா போய் மண்ணெண்ணெய்ப் பம்ப் வந்ததும் இறைப்புக்கு மனித உடம்பு போட்ட வரம்பு இல்லாமல் போனது. எழுபதுகளில் இறக்குமதித் தடையால் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை கிடைத்தபோது தோட்டங்கள் பெருகின, உரமும் பெருகியது. செம்பாட்டு மண்ணும் வெடித்த கல்லும் எதையும் வடித்து வைத்துக்கொள்வதில்லை. போட்ட உரமும் மலக்குழிக் கழிவும் நேரே கிணற்றுக்கு இறங்குகின்றன. வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று அளவு கூடியிருப்பது பல ஆய்வுகளில் காணப்பட்டது. சுன்னாகம் பகுதியில் கிணறுகளில் கழிவெண்ணெய் மிதந்து 2014, 2015இல் பெரிய போராட்டமே நடந்தது. நிலத்தடியில் எல்லாம் ஒன்றோடொன்று தொடர்பு. ஒரு வளவில் ஊற்றியது அந்த வளவோடு நிற்காது.

தீர்வு ஒன்றை 1950களிலேயே பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் வரைந்து வைத்தார். கடலேரி வாய்களில் கதவு போட்டுக் கடல்நீரைத் தடுத்தால், ஒவ்வொரு மாரியும் உப்பைக் கழுவி, சில வருடங்களில் உள்ளே நன்னீர் நிற்கும். ஆனையிறவுக் கடலேரிக்குக் கனகராயன் ஆறு வன்னியிலிருந்து கொண்டுவரும் தண்ணீரை முள்ளியான் வாய்க்காலால் வடமராட்சிக் கடலேரிக்கும், அங்கிருந்து உப்பாற்றுக்கும் விட்டால் குடாநாட்டின் நடுவாக ஒரு நன்னீர் ஆறே கிடைக்கும். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணை கட்டப்பட்டன. முள்ளியான் வாய்க்கால் முடியவில்லை. கதவுகள் பழுதாகின, போர் வந்தது, திட்டம் அரைகுறையாக நின்றது. தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. குடிக்க அது உதவும், அதில் மறுப்பில்லை. ஆனால் தோட்டத்துக்கும் வயலுக்கும் அந்தத் தண்ணீர் வராது. வந்தாலும் விலை கட்டாது. தொண்டைமானாற்றுக் கதவுகளைக் காலத்துக்குக் காலம் பராமரிப்பதும், மூடப்பட்டும் மண்டியும் கிடக்கும் ஊர்க் குளங்களை ஐப்பசிக்கு முன்னர் தூர்வாருவதும், வழுக்கியாற்றின் கரையில் வீடு கட்ட அனுமதி கொடுக்காமல் விடுவதும் அதைவிட மலிவான வேலைகள். இந்த மூன்றும் பிரதேச சபைகளும் கமநல சேவை நிலையங்களும் மாவட்டச் செயலகமும் ஒரே மேசையில் இருந்தால் செய்யக்கூடியவை. மாசி, பங்குனியில் உவராகும் கிணறுகளின் எண்ணிக்கை அதோடு குறையத் தொடங்கும்.